தேங்கும் சிறுநீர் கல்லாகும் விதம்

சிறுநீர் சீராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று குழாயைத் திருகி மூடியதுபோல நின்றுவிடும். உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும், ஆனால் வராது. கொஞ்சம் சாய்ந்தாலோ படுத்தாலோ மறுபடி வரும். சிறுநீர்ப்பையில் கல் இருக்கும் ஆண்களிடம் காணப்படும் முக்கியமான அடையாளம் இது. நிற்கும்போது கல் உருண்டு வந்து பையின் வாயை அடைக்கிறது. உடம்பைத் திருப்பினால் விலகிக்கொள்கிறது.

சரி, அங்கே கல் எப்படி வந்தது? சிறுநீரகத்தில் உருவான கல் கீழே இறங்கித் தங்கிவிடுவது உண்டு. ஆனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது பைக்குள்ளேயே உருவாவதுதான். சிறுநீரில் யூரிக் அமிலம், கால்சியம் உப்புகள் எல்லாம் கரைந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பை முழுதாகக் காலியானால் அவை படிவதற்கு நேரமே கிடைக்காது. தினமும் கொஞ்சம் தேங்கினால் நுண்ணிய படிகங்கள் உருவாகி, அவற்றின் மேல் அடுக்கு அடுக்காகப் படிந்துகொண்டே போகும். வெட்டிப் பார்த்தால் பல கற்களில் அடிமரத்து வளையங்கள் போன்ற கோடுகள் தெரியும். கிருமித்தொற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம்: சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடுகின்றன. அதில் மக்னீசியம், பாஸ்பேட் உப்புகள் சட்டென்று படியும்.

ஆண்களுக்கு இது அதிகம் வரக் காரணம் புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி அமைந்த இந்தச் சுரப்பியின் நடுவேதான் சிறுநீர்க்குழாய் போகிறது. 50 வயதுக்கு மேல் பலருக்கு அது வீங்கிப் பாதையை நெருக்குவதால், பை முழுதாகக் காலியாவதில்லை.

வலி அடிவயிற்றில் இருக்கலாம். சிலருக்கோ கல் ஓரிடத்தில் இருக்க, வலி ஆணுறுப்பின் நுனியில் தெரியும். இரண்டு இடங்களின் நரம்புகளும் தொடர்புடையவை என்பதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. போய் முடிக்கும் தறுவாயில் கடைசிச் சொட்டுகள் சிவந்து வருவதும் உண்டு. காலியாகும் பை சுருங்கிக் கல்லை இறுக்க, உட்சுவர் உரசிக் கசிகிற ரத்தம் அது. நடமாடும்போது கடுப்பும் அடிக்கடி போகும் உணர்வும் கூடும், படுத்தால் குறையும். இதையெல்லாம் "வயசானா இப்படித்தான்" என்று பல ஆண்கள் தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல் வெள்ளை வளைவாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும். ஒருக்களித்துப் படுத்தால் கல்லும் கூடவே உருளும். சுவரில் ஒட்டி வளரும் கட்டி அப்படி உருளாது. சாதாரண எக்ஸ்ரேயில் தூய யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் தெரியாது.

வயிற்றைக் கிழிக்காமலேயே, சிறுநீர்ப்பாதை வழியாகக் கருவியை நுழைத்துக் கல்லை நொறுக்கிக் காட்டினார் பாரிஸ் மருத்துவர் ழான் சிவியால். அது 1824ஆம் ஆண்டு. இன்று அதே வழியில் லேசரை அனுப்பித் தூளாக்கிக் கழுவி எடுக்கிறார்கள். ஆனால் கல்லை மட்டும் எடுத்துவிட்டு அடைப்பை விட்டுவைத்தால் மிச்சம் தேங்கும், அப்புறம் கல்லும் திரும்ப வரும். அதனால் புராஸ்டேட்டுக்கும் சேர்த்தே சிகிச்சை பார்க்க வேண்டும்.

ஒரு சொட்டுகூட வராமல் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.