"ஃப்யூஷன்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

"சார், சனிக்கிழமை ஒரு ஃப்யூஷன் பேண்ட். ஆறு மைக் போதும்ல?"

கல்லூரிக் கலைவிழாக்கள் நடக்கும் மாதங்களில் இப்படி ஒரு வாட்ஸப் செய்தி வாரத்துக்கு ஒன்றாவது எனக்கு வரும். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி கலப்பது என் தொழில். 17 வருடங்களாகக் கூட்டத்தின் நடுவே மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறேன். செய்தி அனுப்புகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை நம்பி மேடை போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தபலாக்காரரின் விரலில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மேடை. அழைப்பிதழில் "ஃப்யூஷன் ராக்" என்று இருந்தது. நானும் ராக் என்றே நினைத்து ட்ரம்ஸுக்கு ஐந்து மைக், கிடார் ஆம்ப்புக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு என்று வைத்துவிட்டேன். குழு வந்து இறங்கியபோதுதான் தபலா இருப்பது தெரிந்தது. உட்கார்ந்து வாசிக்கப் பலகை இல்லை, குட்டை ஸ்டாண்டு இல்லை. சவுண்ட் செக்குக்குக் கிடைத்தது 20 நிமிடம். மிச்சமிருந்த ஒரு மைக்கை இரண்டு தபலாவுக்கும் நடுவில் படுக்க வைத்தேன். முதல் பாட்டில் ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் தபலா காணாமல் போனது. ஃபேடரை, அதாவது மிக்ஸரில் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, ஏற்றினால் அந்த மைக் தபலாவை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த சிம்பலைத்தான் பிடித்தது. இன்னும் ஏற்றினால் ஊளையிட்டது. தன் ஓசை தனக்கே கேட்காததால் அந்தத் தம்பி ஓங்கி ஓங்கி அடித்தார். ஒன்றரை மணி நேரம். நிகழ்ச்சி முடிந்து கீழே இறங்கியபோது ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. "பரவாயில்லண்ணே" என்றார். முன்னாலேயே ஒரு போன் செய்து, யார் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டியது நான்.

ஃப்யூஷன் என்ற சொல், இரண்டு மூன்று இசை மரபுகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. காதில் என்ன விழும் என்று சொல்வதில்லை. 1970களின் ஷக்தி குழுவை ஃப்யூஷன் என்கிறோம். அதில் அக்கூஸ்டிக் கிடார், வயலின், தபலா, கடம் உண்டு, ட்ரம்ஸ் செட் கிடையாது. பெங்களூரின் அகம் குழுவையும் அப்படியே சொல்கிறோம். அங்கே கர்நாடகக் கீர்த்தனை ஒலிக்கும்போது பின்னால் எலெக்ட்ரிக் கிடார் கரகரவென்று சுவர்போல எழும்பும். டெல்லியின் இண்டியன் ஓஷனுக்கும் அதே பெயர்தான். மூன்றுக்கும் ஒரே மைக் பட்டியலைப் போட முடியாது. ஒரே மாதிரி உட்கார்ந்து கேட்கவும் முடியாது.

இந்த மூன்றில் இண்டியன் ஓஷனைக் கொஞ்சம் விரித்துப் பேசுகிறேன். ஒரு குழுவின் ஓசையை எப்படிக் கவனிப்பது என்று எனக்குக் கற்றுத் தந்ததே அவர்களுடைய ஒலிப்பதிவுகள்தான்.

1990இல் டெல்லியில் சுஸ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கிய குழு அது. அப்புறம் ராகுல் ராம் பேஸ் கிடாரோடு வந்தார், 1994இல் அமித் கிலம் ட்ரம்ஸோடு வந்தார். பலரும் இண்டியன் ஓஷன் என்று நினைவில் வைத்திருப்பது இந்த நால்வரைத்தான். 1997இல் நேரடி மேடைப் பதிவாக 'டெசர்ட் ரெய்ன்', 2000இல் 'கந்தீசா' என்று தொகுப்புகள் வந்தன. அந்தத் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் வழிபாட்டில் பாடும் பழைய சுரியானித் துதி. அதே தொகுப்பில் நர்மதை நதியைப் பாடும் 'மா ரேவா' இருக்கிறது. நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் ராகுல் ராம் இருந்த நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கில் கேட்ட பாட்டு அவரோடு குழுவுக்குள் வந்தது.

சரி, இவ்வளவும் வரலாறு. ஓசை எப்படி இருக்கும்?

முதலில் இல்லாததைக் கவனியுங்கள். அந்த நால்வரில் கீபோர்டு வாசிப்பவர் கிடையாது. பெரும்பாலான குழுக்களில் கீபோர்டு ஒரு போர்வை மாதிரி. வாத்தியங்களுக்கு நடுவில் விழும் சந்துகளையெல்லாம் மூடிவிடும். இங்கே சந்துகள் திறந்தே கிடக்கின்றன. சுஸ்மித் சென் வாசித்தது எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் கிடார். பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு கார்டாக அடித்துப் பாட்டுக்குத் தரை போடுகிற வாசிப்பு குறைவு. திறந்த தந்தி ஒன்று தம்புரா மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருக்க, மேலே ஒற்றை ஒற்றைச் சுரமாக ராகம் ஓடும். ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய எலெக்ட்ரிக் கிடார் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை உள்ள இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். பாடுகிறவரின் க, ச, த எல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டிய இடமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. சுஸ்மித்தின் கிடார் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் தபலாவுக்கும் குரலுக்கும் அங்கே மூச்சுவிட இடம் கிடைத்தது. 'ராக்கோடு தபலா சேர்த்தார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இந்த ஏற்பாடு கண்ணில் படவே படாது.

அடுத்தது பேஸ் கிடார். வழக்கமாகப் பேஸ் என்பது கும் கும் என்று கீழே நின்று, ட்ரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் கிக்கோடு ஒட்டிக்கொள்ளும். ராகுல் ராமின் பேஸ் அங்கேயே நிற்பதில்லை, பல இடங்களில் மேலே ஏறி வந்து தானே ஒரு மெட்டு பாடிவிட்டுப் போகும். அமித் கிலம் ட்ரம்ஸை விட்டுக் கப்குபி என்ற வங்காள நாட்டுப்புற வாத்தியத்தை எடுப்பார். ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்களின் கையில் இருப்பது. தோல் போர்த்திய சின்ன மத்தளத்தின் அடியிலிருந்து ஒரு தந்தி வரும். ஒரு கை தந்தியை இழுத்துத் தளர்த்த, மறு கை மீட்டும். சுரம் வழுக்கி வழுக்கி ஓடும், யாரோ கேள்வி கேட்பது போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஓசைகளில் அது ஒன்று.

அப்புறம் அஷீம். இந்தக் குழுவின் தனித்தன்மையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், தபலா வாசித்தவரும் பாடியவரும் ஒரே ஆள் என்பேன். ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தபடி பாடுகிறவர்கள் உண்டு. ஆனால் உட்கார்ந்து, விரல் நுனியால் தபலா வாசித்துக்கொண்டே வாய்விட்டுப் பாடுவது வேறு. எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறாரோ அந்த இடத்தில் கையும் லேசாக விடும். சொல் அழுந்தும் இடத்தில் தபலாவும் அழுந்தும். ஒருவர் பாட இன்னொருவர் வாசித்தால், எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும், இருவரும் ஒருவரையொருவர் கவனித்துத்தான் சேர முடியும். இங்கே கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் மாதிரி ஆளுக்கு அது பெரிய வேலை. பாடுகிறவரின் வாய்க்கும் தபலாவுக்கும் இரண்டடி தூரம்தான். குரலுக்கு வைத்த மைக் தபலாவையும் எடுக்கும். தபலா மைக்குக்கு ஓசை போய்ச் சேர்ந்து, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு கழித்து அதே அடி குரல் மைக்குக்கும் போய்ச் சேரும். இரண்டும் மிக்ஸரில் கலக்கும்போது தபலாவின் நாதம் வெறும் டப்பாவைத் தட்டினாற்போல உள்ளீடற்றுப் போகும். மைக்கைத் திருப்பும் கோணம், எந்தப் பக்கத்து ஓசையை அது தள்ளும் என்பது, தபலா மைக்கை எவ்வளவு ஒட்டி வைப்பது, எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் யோசிக்கலாம். மேடையில் வந்து தெரிந்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும்.

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகு குழுவில் தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தியும் பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷியும் வந்தார்கள். ஒருவர் செய்ததை இரண்டு பேர் செய்கிறார்கள். 2013இல் சுஸ்மித் சென் விலகியபோது நிகில் ராவ் எலெக்ட்ரிக் கிடாரோடு வந்தார். இன்றைய குழுவும் அருமையாக வாசிக்கிறது, நான் விரும்பிக் கேட்கிறேன். 2014இல் வந்த 'தண்டனு' தொகுப்பில் நம் ஊர்க் கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் விருந்தாளிகளாகச் சேர்ந்திருக்கிறார்கள், தேடிக் கேளுங்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு ஓசையும் 2014ஆம் ஆண்டு ஓசையும் ஒன்றில்லை. இரண்டுக்கும் ஃப்யூஷன் என்றே எழுதிவிட்டால், அஷீம் என்ற மனிதர் அந்த ஓசையில் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

தபலாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ட்ரம்ஸுக்கு மைக் வைத்துப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணமாகத் தோல் போர்த்திய கருவியை அடித்தால் சுரம் தெளிவாக நிற்காது. தபலாவிலும் மிருதங்கத்திலும் நிற்கிறது. காரணம் நடுவில் அப்பியிருக்கும் அந்தக் கருப்பு வட்டம். மிருதங்கக்காரர்கள் சோறு என்றும் கரணை என்றும் சொல்வது அதைத்தான். அதன் கனம் தோலின் அதிர்வுகளைத் தந்தியின் அதிர்வுகள் மாதிரி வரிசைப்படுத்திவிடுகிறது. இதை ஆராய்ந்து 1920இல் எழுதியவர் சி.வி. ராமன். 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். ஆக, தபலா ஒரு தாளக் கருவி என்பதோடு சுரம் பாடுகிற கருவியும்கூட. பாட்டின் சுருதிக்கு ஏற்றபடி அதைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஸ்னேர் ட்ரம்மில் செய்வது போல அதன் நடு ஓசையை ஈக்யூவில் (மேல், நடு, கீழ் ஓசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டி எறிந்தால், 'தட்'டென்ற சத்தம் மட்டும் மிஞ்சும், சுரம் போய்விடும். இடது பக்கத்துப் பெரிய தபலாவான டக்காவின் கமகத்துக்கு வேறு சிக்கல். அது முழங்குவது கீழே, ட்ரம்ஸின் கிக்கும் பேஸ் கிடாரின் கீழ்த் தந்திகளும் இருக்கிற அதே 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். மூவரையும் ஒரே அறையில் அடைத்தால் யார் பேசுவதும் யாருக்கும் புரியாது. யாராவது ஒருவரைக் கொஞ்சம் நகர்த்தத்தான் வேண்டும்.

நகர்த்தத் தெரியாதபோது என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். தபலா கேட்கவில்லையா, ஏற்று. இப்போது பாட்டு கேட்கவில்லையா, அதையும் ஏற்று. பாதி நிகழ்ச்சியில் மேடைக்கு எதிரே நிற்பவர்களின் காது கொய்யென்று இரைகிறது. இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் வரையறுத்தது. குழுவின் ஓசை முன்பே புரிந்திருந்தால் அந்த எல்லைக்குக் கீழேயே எல்லாம் தெளிவாகக் கேட்க வைக்கலாம். காது இரைச்சலோடு வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலருக்கு அது மறுநாளும் நிற்காது. உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

ஆகவே நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடமும் புதிதாகக் குழு தொடங்குகிறவர்களிடமும் நான் கேட்பது நீளமான கட்டுரை ஒன்றும் இல்லை. பாட்டின் அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருப்பது எது? தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் யார், ட்ரம்ஸா தபலாவா, அல்லது பாட்டுக்குப் பாட்டு மாறுமா? பாடுகிறவர் வேறு எதையாவது வாசிக்கிறாரா? உட்கார்ந்தா, நின்றா? எந்த இடத்தில் எல்லோரும் நிறுத்தி ஒருவரை மட்டும் விடுகிறீர்கள்? இதைச் சொன்னால் போதும். ஹெர்ட்ஸ் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்திரிகைக்கும் இணையப் பக்கங்களுக்கும் இசை பற்றி எழுதுகிற நண்பர்களே, உங்களிடமும் இதையேதான் கேட்கிறேன். "மேற்கும் கிழக்கும் சங்கமிக்கும் இசை" என்ற வரியை எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். "கிடார் ஒற்றைத் தந்தியில் ரீங்கரிக்க, தபலா வாசிப்பவரே பாடுகிறார்" என்ற வரியை எல்லோருக்கும் ஒட்ட முடியாது.

கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பழக்கம். ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை எல்லாவற்றையும் மறந்து பாட்டாகக் கேளுங்கள். இரண்டாவது முறை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள், பாட்டு உங்களை வேறு பக்கம் இழுத்தாலும் விடாதீர்கள். மூன்றாவது முறை அந்த வாத்தியம் வாசிக்காமல் சும்மா இருக்கிற இடங்களைக் கவனியுங்கள். 'மா ரேவா'வில் பேஸைப் பிடித்துக்கொண்டு நான் இப்படிப் போன ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை வருடமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

போன மாதம் ஒரு புதுக் குழுவின் பெண் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணா, நாங்க அஞ்சு பேர். பாடுறவர்தான் கஞ்சிராவும் வாசிப்பார், உட்கார்ந்துதான். கிடார் டிஸ்டார்ஷன் ரெண்டே பாட்டுலதான், மத்ததுல சும்மா மீட்டல் மட்டும். மூணாவது பாட்டு நடுவுல எல்லாரும் நிறுத்திடுவோம், கஞ்சிரா மட்டும் ஒரு நிமிஷம் போகும், அப்ப அது சன்னமா இருந்தாலும் கேக்கணும்." ஃப்யூஷன் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. படித்து முடித்ததும் குடோனுக்குப் போய், குட்டை ஸ்டாண்டு மூன்றையும் அரையடி உயரப் பலகையையும் முதலில் வண்டியில் ஏற்றச் சொன்னேன்.