மலேசியாவுல இறங்கி சிங்கப்பூர்ல கப்பல் ஏறப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

போன வாரமும் ஒரு குடும்பம் வந்துச்சு. கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரங்க, வயசான அம்மா அப்பா, மகன், மருமக, ரெண்டு பசங்க. சென்னை டு கோலாலம்பூர் டிக்கெட் சீப்பா கிடைச்சுதுன்னு அவங்களே ஆன்லைன்ல போட்டாச்சு, சிங்கப்பூர்லேருந்து கிளம்புற குரூஸ் கப்பலையும் (டூர் கூட்டிட்டுப் போற கப்பல்) அவங்களே புக் பண்ணியாச்சு, எல்லாத்தையும் முடிச்சுட்டு கிளம்பறதுக்கு சில நாள் இருக்கும்போது பாண்டியில நம்ம டிராவல்ஸ் ஆபீஸுக்கு வந்து "சார், கோலாலம்பூர் ஏர்போர்ட்லேருந்து கப்பல் வரைக்கும் ஒரு வண்டி மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க"ன்னு கேக்குறாங்க. சிங்கப்பூர் விசா எங்கன்னு கேட்டேன். "இப்பதான் விசாவே வேணாம்னு சொல்லிட்டாங்களே சார்"னு பதில் வருது. யார் சொன்னா? எந்த நாட்டுக்குச் சொன்னா?

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது, அதனால எழுதியே போட்டுடறேன்.

விசா வேணாம்னு சொன்னது மலேசியா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லேருந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாம வரலாம்னு அறிவிச்சாங்க, அதை 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. சிங்கப்பூர் அப்படி எதுவும் சொல்லல. சிங்கப்பூருக்கு இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு விசா வேணும். ஃப்ளைட்ல போனாலும் வேணும், பஸ்ஸுல போனாலும் வேணும். "கப்பல் ஏறத்தானே போறோம், ஊருக்குள்ள தங்கலையே"ன்னு ஒருத்தர் வாதம் பண்ணாரு. அண்ணே, கப்பல் நிக்கிறதே சிங்கப்பூர்ல, அந்த மண்ணுல கால் வைக்காம கப்பல்ல எப்படி ஏறுவீங்க? கப்பல் டிக்கெட்ல விசா சேராது. கப்பல் கம்பெனி அனுப்புற மெயில்லயே தேவையான விசா எல்லாம் பயணியோட பொறுப்புன்னு போட்டிருப்பாங்க, அந்த மெயிலை கடைசி வரைக்கும் படிக்கிறவங்கதான் கம்மி.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் மண்டையில ஏற மாட்டேங்குதுன்னும் எனக்குத் தெரியும். நாம தினமும் கடலூருக்கும் பாண்டிக்கும் பஸ்ஸுல போயிட்டு வர்றவங்க. முள்ளோடை தாண்டினா பாண்டி, ஆல்பேட்டை வந்தா தமிழ்நாடு, பஸ்ஸுல அசந்து தூங்கிட்டா எல்லை வந்ததே தெரியாது, பையில பாட்டில் இருக்கிறவனுக்குத்தான் செக்போஸ்ட் ஞாபகம் வரும். மலேசியாவோட தென்கோடியில இருக்கிற ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல இருக்கிற பாலத்தையும் இதே கணக்குல போட்டுடறாங்க. மேப்ல பாத்தா ஒரு கிலோமீட்டர்தான், 1924ல திறந்த பாலம், நடந்தாலே பத்து நிமிஷம்தானேன்னு தோணும். ஆனா அந்த ஒரு கிலோமீட்டர்ல ரெண்டு குடியேற்ற சோதனை இருக்கு. இந்தப் பக்கம் மலேசியாவை விட்டு வெளிய போற வரிசை, அந்தப் பக்கம் சிங்கப்பூருக்குள்ள நுழையற வரிசை. ரெண்டு இடத்துலயும் பஸ்ஸை விட்டு இறங்கணும், எல்லா பெட்டியையும் தூக்கிட்டுப் போகணும், எஸ்கலேட்டர் ஏறணும், முடிச்சு மறுபடியும் பஸ்ஸைப் பிடிக்கணும். உங்க பஸ் காத்திருக்கும்னு நம்பாதீங்க, நேரமானா கிளம்பிடும், அதே கம்பெனியோட அடுத்த பஸ்ஸுல ஏறிக்கணும், அதனால டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சனி ஞாயிறு, ரெண்டு நாட்டு ஸ்கூல் லீவு, பண்டிகை, இந்த நாட்கள்ல பாலம் முழுக்க வண்டி அப்படியே நிக்கும். அங்க தினமும் வேலைக்குப் போற ஜனமே விடியக்காலைல எழுந்து ஓடுது, நீங்க ஆறு பேர் எட்டு பெட்டியோட போயி அரை மணி நேரத்துல தாண்டிடுவீங்களா?

அதனால தயவு செஞ்சு ஒரே நாள் பிளான் போடாதீங்க. கோலாலம்பூர்ல காலைல இறங்கி அன்னிக்கு சாயங்காலமே சிங்கப்பூர்ல கப்பல் ஏறுற பிளானை கொண்டு வந்தா நான் டிக்கெட் போட மாட்டேன்னு சொல்லிடறேன், கோவப்பட்டாலும் பரவால்ல. ஏர்போர்ட்லேருந்து கோலாலம்பூர் டவுனே 50 கிலோமீட்டருக்கு மேல, அங்கிருந்து சிங்கப்பூர் 350 கிலோமீட்டர் பக்கம், ரோடு காலியா இருந்தாலும் பஸ்ஸுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும், பாலம் கணக்கு தனி. கப்பல் அஞ்சு மணிக்குக் கிளம்புதுன்னா அஞ்சு மணிக்குப் போய் ஏற முடியாது, ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடியே செக்-இன் மூடிடுவாங்க. ஃப்ளைட் லேட்டுன்னு கப்பல் கேப்டனுக்கு போன் பண்ணச் சொன்னவங்களும் இருக்காங்க. ரெண்டையும் நீங்க தனித்தனியா புக் பண்ணியிருக்கீங்க, அவனுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்ல, காசும் திரும்பாது. முந்தின நாளே சிங்கப்பூர் போய் ஒரு ராத்திரி தங்குங்க. ரூம் வாடகை ஜாஸ்திதான், தெரியும். ஆனா அந்த வாடகையையும் பஸ்ஸையும் சேத்துக் கூட்டிப் பாத்துட்டு, சென்னையிலிருந்து நேரா சிங்கப்பூருக்கே டிக்கெட் எவ்வளவுன்னு ஒரு தடவை பாருங்க. பாதி பேருக்கு மிச்சம்னு நினைச்சது மிச்சமே இல்ல.

அடுத்தது எந்த நாட்டுக்குள்ள எத்தனை தடவை நுழையறீங்கங்கற எண்ணிக்கை. பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்க. கோலாலம்பூர்ல இறங்கறது மலேசியா ஒண்ணு. பாலம் தாண்டறது சிங்கப்பூர் ஒண்ணு. கப்பல் பினாங்குல நின்னா மறுபடியும் மலேசியா. திரும்பி வந்து சிங்கப்பூர்ல இறங்கினா சிங்கப்பூர் ரெண்டாவது தடவை. ரிட்டர்ன் ஃப்ளைட் கோலாலம்பூர்லேருந்துன்னா பஸ்ஸுல போறப்போ மலேசியா மூணாவது தடவை. அதனால சிங்கப்பூர் விசா மெயில்ல வந்ததும் போட்டோ சரியா இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, ஒரு தடவை நுழையவா பல தடவை நுழையவான்னு பாருங்க. ஒரு தடவைதான்னா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே அது தீந்து போச்சு, அந்த விசாவோட போனா செக்-இன் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமா அப்ளை பண்ணுங்க, போற தேதிக்கு முன்னாடி 30 நாளுக்குள்ள போடணும், அதுக்காக கடைசி வாரம் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

ரெண்டு நாட்டுக்கும் வருகை கார்டு ஆன்லைன்ல போடணும், மலேசியாவுக்கு எம்டிஏசி, சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, ரெண்டுமே போய்ச் சேர்றதுக்கு மூணு நாளுக்குள்ள. அது விசா கிடையாது. முதல் தடவை போட்டதே ரெண்டாவது தடவைக்கும் செல்லும்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு நுழைவுக்கும் புதுசா போடணும். ரெண்டுமே ஃப்ரீ. கூகுள்ல தேடினா மேல வர்ற வெப்சைட்ல காசு கட்டிட்டு வர்றவங்களைப் பாத்தா வயிறு எரியுது, கவர்மென்ட் சைட்டா இல்லையான்னு பாத்துட்டு டைப் பண்ணுங்கப்பா.

பாண்டிக்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணு. நம்ம ஊர்ல ஒரே வீட்ல அப்பாவுக்கு ஃப்ரெஞ்ச் பாஸ்போர்ட், அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட்னு இருக்கும். ஃப்ரெஞ்ச் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணாம். அப்பாவுக்கு வேணாம்னு சொன்னதைக் கேட்டு வீட்ல எல்லாருக்கும் வேணாம்னு முடிவு பண்ணிடறாங்க! ஆளுக்கு ஆள் பாஸ்போர்ட்டைப் பாருங்க. அப்பா திரும்பி சென்னையில இறங்கும்போது ஓசிஐ கார்டு (வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு நம்ம அரசு குடுக்குற கார்டு) கையில இருக்கணும், அதை பீரோவுல பத்திரமா பூட்டி வெச்சுட்டுப் போயிடாதீங்க. வயசானவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்ங்கற குறிப்பு) இருந்தா பயப்பட வேணாம், டூருக்குத் தடை இல்ல, ஆனா மலேசியா அந்த நாடுகள் லிஸ்ட்ல இருக்கு, சென்னை கவுன்ட்டர்லயே கேள்வி வரலாம், ரிட்டர்ன் டிக்கெட்டும் கப்பல் புக்கிங்கும் பிரின்ட் எடுத்து அவங்க கையில குடுங்க. போன்ல இருக்குன்னு மகன் சொல்லுவான், மகன் வேற வரிசையில நிப்பான். பாஸ்போர்ட் எல்லாருக்கும் ஆறு மாசத்துக்கு மேல உயிரோட இருக்கணும், இதுக்கு மேல அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

சிங்கப்பூர்ல போய் இறங்கினப்புறம் ஒரு குழப்பம். கப்பல் ஏற ரெண்டு இடம் இருக்கு. ஹார்பர்ஃப்ரன்ட்ல இருக்கிறது சிங்கப்பூர் குரூஸ் சென்டர், இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுக்கு நிறைய ஃபெர்ரி அங்கேருந்துதான் போகும். மெரினா பே குரூஸ் சென்டர் வேற, 2012ல திறந்தது, பெரிய கப்பல் நிறைய அங்கதான் நிக்கும். டாக்ஸிக்காரர்கிட்ட "குரூஸ் சென்டர்"னு மட்டும் சொன்னா அவர் எந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போவார்னு அவருக்கே தெரியாது. எம்ஆர்டியில (சிங்கப்பூர் மெட்ரோ ரயில்) போறவங்க மெரினா பே ஸ்டேஷன்ல இறங்கிடாதீங்க, மெரினா சவுத் பியர் வரைக்கும் போகணும், அது அந்த லைனோட கடைசி ஸ்டேஷன். பாலம் தாண்டினதும் வர்ற உட்லண்ட்ஸும் அதே லைன்தான், ஆனா பெட்டி எட்டு இருந்தா டாக்ஸி பாருங்க. ஜொகூர்ல "நானே அந்தப் பக்கம் கொண்டு போய் விடறேன்"னு கூப்புடுற தனியார் கார் எதுலயும் ஏறாதீங்க, பர்மிட் இல்லாம பிடிச்சா வண்டியைப் பறிமுதல் பண்ணுவாங்க, நீங்க பெட்டியோட நடுரோட்ல நிப்பீங்க.

பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னும் ஒரு வார்த்தை. அம்மா கட்டிக் குடுத்த மசாலா பொட்டலத்துல கசகசா இருந்தா எடுத்துடுங்க, சிங்கப்பூர்ல அது போதைப்பொருள் கணக்கு. வேப் (இ-சிகரெட்) வெச்சிருக்கிற தம்பிங்க வீட்லயே வெச்சுட்டு வாங்க, கெஞ்சிக் கேக்கறேன். சிகரெட்டுக்கு வரி விலக்கே கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி கட்டணும். மலேசியாவுலேருந்து வர்றவங்களுக்கு சரக்குக்கும் விலக்கு இல்ல, அதனால கோலாலம்பூர் ஏர்போர்ட் கடையில பாட்டில் வாங்கிட்டு பாலம் ஏறாதீங்க. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி எது இருந்தாலும் டாக்டர் சீட்டு மட்டும் போதாது, முன்கூட்டியே அனுமதி வாங்கணுமான்னு பாத்துக்குங்க. கப்பல்ல கரன்ட் கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் விடமாட்டாங்க, ரசம் வெக்கிற ஆசையை ஒரு வாரம் ஒத்திப் போடுங்க.

திரும்பி வர்ற நாளைத்தான் யாரும் யோசிக்கிறதே இல்ல. கப்பல் காலைல எட்டு மணிக்கு வந்துடும்னு போட்டிருந்தா எட்டு மணிக்கு நீங்க ரோட்டுல இருக்க மாட்டீங்க, ஆயிரக்கணக்கான பேர் வரிசையா இறங்கணும், அப்புறம் அதே பாலம், அதே ரெண்டு வரிசை, அதே பஸ். அன்னிக்கு ராத்திரி கோலாலம்பூர் ஃப்ளைட்னு டிக்கெட் போட்டு வெச்சிருந்தா இப்பவே மாத்துங்க, மறுநாள் மத்தியானத்துக்குப் போடுங்க.