நான்கு அதிர்வு, ஒரே பட்டை

மூலக்கூறைக் கண்ணால் பார்க்காமலே எந்த அணுத்தொகுதி எங்கே இருக்கிறதென்று வேதியியலாளர்கள் எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உலோகக் கார்போனைல்களை, அதாவது உலோக அணுவில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட சேர்மங்களை, வைத்தே சொல்லிவிடலாம்.

கார்பன் மோனாக்சைடு என்பது ஸ்பிரிங்கின் இரு முனையிலும் குண்டு மாட்டியது போன்றது. தனியாக இருக்கையில் அதன் நீட்சி அதிர்வின் அலைஎண், அதாவது ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, 2143. உலோகத்தோடு சேர்ந்ததும் உலோகம் கொஞ்சம் எலக்ட்ரானை அதற்குத் தள்ளிவிடும், பிணைப்பு தளரும், அலைஎண் பெரும்பாலும் 2000-ஐ ஒட்டி இறங்கும். அது வேறு பிணைப்புகள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம் என்பது நம் அதிர்ஷ்டம்.

மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சுற்றி ஆறு திசைகளில் நான்கு கார்போனைல் (ஒட்டிய கார்பன் மோனாக்சைடு), இரண்டு பாஸ்பீன் (பாஸ்பரஸ் அணு வழியே ஒட்டும் மூலக்கூறு). பாஸ்பீன்கள் எதிரெதிரே நின்றால் டிரான்ஸ், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சிஸ். இரண்டிலும் நீட்சி அதிர்வு நான்குதான். இவற்றைக் காண அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறோம், ஆனால் அது எல்லாவற்றையும் கண்டுகொள்வதில்லை. அதிரும்போது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்சுமைகள் பிரிந்து நிற்பதன் அளவு) மாறினால்தான் ஒளி உறிஞ்சப்படும்; அந்த உறிஞ்சல்தான் வரைபடத்தில் பட்டையாகத் தெரியும்.

டிரான்ஸில் நான்கு கார்போனைலும் ஒரு சதுரத்தின் மூலைகளில் இருக்கின்றன. நான்கும் ஒன்றாக நீண்டால்? சம பலத்தில் நடக்கும் வடம் இழுக்கும் போட்டிதான்: எதிரெதிர் இழுப்புகள் கழிந்து மிச்சம் பூஜ்யம். ஒரு ஜோடி நீள, மற்ற ஜோடி சுருங்கினால்? அப்போதும் பூஜ்யம். ஒரு ஜோடிக்குள்ளேயே ஒன்று நீண்டு எதிரிலிருப்பது சுருங்கினால் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். அப்படி இரண்டு அதிர்வுகள் உண்டு. ஒன்றைத் தொண்ணூறு பாகை திருப்பினால் மற்றது, ஆகவே ஆற்றலும் ஒன்றே. நான்கு அதிர்வுக்கு ஒரே பட்டை!

சிஸ்ஸில் ஒரு ஜோடி மட்டுமே நேர் எதிரே நிற்கிறது. எந்த அதிர்வும் முழுதாகக் கழிவதில்லை என்பதால் நான்கு பட்டைகள் வரவேண்டும். சில சமயம் இரண்டு ஒட்டிக்கொண்டு மூன்றாகத் தெரியும். ஆக, பட்டைகளை எண்ணினாலே சிஸ்ஸா டிரான்ஸா என்று சொல்லிவிடலாம்.

இதையே குலக் கோட்பாட்டில் (சமச்சீரைக் கையாளும் கணிதம்), ஒவ்வொரு சுழற்சியிலும் பிரதிபலிப்பிலும் எத்தனை கார்போனைல் இடம் மாறாமல் நிற்கிறது என்று எண்ணியே கணக்கிடலாம். பென்சிலும் தாளும் போதும். ஆராய்ச்சிப் பணமெல்லாம் பெரிய கருவிகளுக்கே போவதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

டிரான்ஸ் சேர்மத்தில் முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் சின்ன மேடு தெரிந்தால், மாதிரி சுத்தமில்லை என்று உடனே கொட்டிவிட வேண்டாம். பாஸ்பீன் ஒன்றும் உருண்டையான பந்தல்ல. அதன் கோணல் வடிவம் சதுரத்தின் சமச்சீரைக் கொஞ்சம் குலைத்துவிட, ஒளிந்திருந்த அதிர்வு மெல்லத் தலைகாட்டியிருக்கலாம்.