8 வினாடித் துள்ளலும் ஒரு வாரும்

முரட்டுக் காளை, குதிரைமேல் ஏறித் தாக்குப்பிடிக்கும் அமெரிக்கப் போட்டியான ரோடியோவின் வீடியோ பார்த்திருப்பீர்கள். வாடிவாசல்போல ஒடுங்கிய கம்பி அடைப்பின் கதவு திறக்கிறது. முதுகில் ஆளோடு வெளியே பாயும் காளை, பின்னங்கால்களை மேலே தூக்கி உதறுகிறது. 8 வினாடி விழாமல் தாக்குப்பிடித்தால்தான் மதிப்பெண். அதில் பாதி ஆளுக்கு, பாதி மாட்டுக்கு. எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல மாடு. அந்த முரண்டைக் கதவு திறக்கும் நொடியில் வரவழைத்தாக வேண்டும். கருவிகள் உள்ளே வருவது இதற்காகத்தான். அவற்றைத் தடைசெய்யச் சொல்லிச் சண்டை நடப்பதும் இதனால்தான்.

முக்கியமானது, வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார். காளைக்குப் பருத்திக் கயிறு, குதிரைக்கு ஆட்டுத்தோல் உறை போட்ட பட்டை. விதைப்பையில் கட்டுகிறார்கள் என்று பலர் சொல்வது தவறு. விலா எலும்பு முடிந்து பின்தொடை தொடங்குவதற்கு முன் ஒரு மெத்தென்ற பகுதி இருக்கிறதே, அங்கேதான் கட்டு. அங்கே உள்ளுறுப்புகளைக் காக்க எலும்புக்கூடு கிடையாது. கதவு திறக்கும்போது வாரை இழுத்து இறுக்குகிறார்கள்.

மாட்டின் விலாப்பக்கத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்ப்பதைப் பார்த்திருக்கலாம். தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தசையின் வேலை அது. ஈயின் கனத்தையே உணரும் உடம்பில் ஒரு வார் இறுகினால்? மேய்ச்சல் விலங்குகளை வேட்டை மிருகம் கவ்வுவதும் பெரும்பாலும் முதுகிலும் பின்பக்கத்திலும்தான். முதுகில் கனம், பின்னால் பிடி என்றால், உதறித் தள்ளு என்பதே உடம்பின் பதில்.

குதிரையைப் பழக்குவதில் ஓர் அடிப்படை விதி உண்டு. கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கும். நின்றதும் கடிவாளத்தைத் தளர்த்திவிட வேண்டும். சொன்னதைச் செய்தால் தொல்லை போய்விடும் என்று குதிரை கற்றுக்கொள்வது இப்படித்தான். வாரில் இந்த விடுதலை கிடையாது. எவ்வளவு துள்ளினாலும் அது தளராது. சவாரி முடிந்த பிறகு ஆள் வந்து அவிழ்த்தால்தான் உண்டு.

துள்ளுவதற்கென்றே வம்சம் பார்த்து வளர்த்த மாடுகள் இவை, வார் வெறும் சைகை என்கிறார்கள் ரோடியோக்காரர்கள். வளர்ப்பு பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் வெறும் சைகை என்றால் அதை விட்டுக்கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

அப்புறம் மின்சாரத் தார்க்குச்சி. ஆயிரக்கணக்கான வோல்ட், மிகக் குறைந்த மின்னோட்டம். தசை கருகாது, நரம்பு மட்டும் அலறும். காயம் தெரியாததால் நிரூபிப்பதும் கடினம். கலிபோர்னியாவில் அடைப்புக்குள் வந்துவிட்ட மாட்டின்மேல் அதை வைக்கக் கூடாது. ஆட்களைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு. பூட்ஸில் மாட்டிக்கொண்டு விலங்கைக் குத்தும் குதிமுள் விஷயத்தில், தோல் தடிமன், அதனால் வலிக்காது என்ற சமாதானம் நிற்காது. சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குதிரைத் தோலின் மேலடுக்கும் அதிலுள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியும் மனிதருடையதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

அமெரிக்காவின் மத்திய விலங்கு நலச் சட்டம் ரோடியோவைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. அதனால் இந்தச் சண்டை மாநிலம் மாநிலமாக, நகரம் நகரமாக நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 2023 டிசம்பரில் இந்தக் கருவிகளைத் தடுக்கும் சட்டத்தை வரையச் சொன்னது. கருவித் தடைக்கு ஆதரவு சேர்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ரோடியோவை ரசிக்கிறவர்கூட ஷாக் வைப்பதை ரசிக்க வேண்டியதில்லை.

இது புதிய யோசனையும் அல்ல. பிரிட்டனின் 1934 சட்டம், கொடுமையான கருவியால் தூண்டிவிட்டுத் துள்ள வைத்த குதிரையிலோ காளையிலோ சவாரி செய்வதைத் தடுத்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரச் சட்டமும் ஷாக் கருவி, வயிற்று வார், கூர்மையான குதிமுள் என்று கருவிகளைத்தான் பட்டியலிடுகிறது. ஆனால் தொழில்முறை ரோடியோ விதிப்படி வார் கட்டாமல் துள்ளல் சவாரி இல்லை. கருவிக்குப் போட்ட தடை அந்த நகரத்தில் நடைமுறையில் ரோடியோவுக்கே தடையாகிவிட்டது.