முழங்காலில் வலி, கோளாறு இடுப்பில்

எங்கள் பாட்டா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் படக்கூடாது, பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரமே காய்ந்துபோகும் என்பார். தொடை எலும்பின் தலைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, அதன் கழுத்தில் பட்டைபோல ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. மாற்றுப் பாதை என்று பெரிதாக எதுவும் கிடையாது, அந்த இரத்தம் நின்றால் உருண்டை செத்துப்போகும்.

வயதானால் எலும்பு மெலியும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் வேகமாக. குளியலறையில் வழுக்கி விழுந்தாலே அந்தக் கழுத்து முறியலாம். முறிந்து விலகினால் குழாய்களும் கிழிந்துபோகும். 70 வயதைத் தாண்டியவர்களுக்குத் திருகாணி போட்டுச் சேர்க்காமல் பல நேரம் தலையையே மாற்றிவிடுகிறார்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விழாமலும் இப்படி இரத்தம் நின்றுபோகலாம். வயது ஏற ஏற எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொழுப்பு சேர்கிறது, எலும்பைக் கட்ட வேண்டிய மூலச் செல்களே கொழுப்புச் செல்லாக மாறும் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. எலும்பு என்ன பலூனா, விரிந்து இடம் கொடுக்க? உள்ளே அழுத்தம் கூடினால் நுண்குழாய்கள்தான் நசுங்கும். நாள்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையோ அளவில்லாத குடியோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அவை 30, 40 வயதுக்காரர்களையே விடுவதில்லை. ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இரத்தம் நின்ற ஓரிரு நாளுக்குள் எலும்புச் செல்கள் செத்துவிடும். ஆனால் எலும்பின் உருவம் அப்படியே நிற்கும், அதனால் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். அப்புறம் உடல் செத்த எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் பார்க்கும். முதுமையில் அரிக்கிற வேகத்துக்குக் கட்டுகிற வேகம் ஈடுகொடுப்பதில்லை. உடம்பின் பாரம் இறங்கும் இடத்தில் உருண்டை, கறையான் அரித்த உத்தரம்போல அமுங்கிப்போகும்.

வலி பெரும்பாலும் கவட்டில்தான் தொடங்கும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளை விடும் நரம்பு ஒன்றே என்பதால் சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். பாட்டாவுக்கு அப்படித்தான், மாதக்கணக்கில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தோம். சம்மணம் போட முடியாமல் சாப்பிடும்போது ஒரு காலை நீட்டியே வைத்திருப்பார், வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். கடைசியில் இடுப்பைப் படம் எடுத்தபோது உருண்டை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது.