தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால்: பிள்ளையைக் காக்க அரசு தருவது என்ன?

கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போனதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யும் ஒன்று. அரசு மருத்துவமனையில் இது இலவசம். ஆனால் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

உறுதியானால், உடலில் எச்.ஐ.வி. பெருகாமல் தடுக்கும் ஏ.ஆர்.டி. மருந்தைத் தாமதிக்காமல் தொடங்குவார்கள். ஆயுள் முழுக்க, தினமும், செலவில்லாமல். முன்பு இப்படி இல்லை. பிரசவ வலி கண்டதும் தாய்க்கு நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தில் ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்கு ஒருவேளை மருந்து, அவ்வளவுதான். உகாண்டாவில் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வு முடிவுதான் அதற்கு அடிப்படை. அப்புறம் புனேயிலும் எத்தியோப்பியா, உகாண்டாவிலும் பிள்ளைக்கு 6 வாரம் தொடர்ந்து நெவிரபின் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. ஒருவேளை மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளில் 6-ஆவது வாரத்தில் 5.3 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. 6 வாரம் பெற்றவர்களில் 2.5 சதவீதம். ஆனால் 6-ஆவது மாதத்தில் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பால் குடிக்கும் காலம் முழுக்கக் காப்பு வேண்டும் என்றால், தாய் மருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2014 முதல் நாடு முழுவதும் அதுதான் நடைமுறை. எந்தச் சிகிச்சையும் இல்லையென்றால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். முறையாக எடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பாதி தாய்ப்பால், பாதி புட்டிப்பால் என்று கலந்து கொடுப்பதுதான் ஆபத்து; தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு 1999-லேயே இதைக் காட்டியது. வீட்டில் பெரியவர்கள் சேனை வைக்கச் சொன்னால் அதற்கும் மறுப்புதான்.

பிரசவத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஓட்டை. பிள்ளையைக் கவனிக்கும் அலைச்சலில் தாய் தன் மாத்திரையை விட்டுவிடுவது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பிள்ளைக்குக் குறைந்தது 6 வாரம் நெவிரபின் சிரப் கொடுக்க வேண்டும். 6-ஆவது வாரத்தில் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் தொற்று இல்லை என்று வந்தாலும் 6, 12, 18 மாதங்களில் மறுபடி போக வேண்டும். 18-ஆவது மாதச் சோதனைதான் இறுதி.

கணவரிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு. மருத்துவர் அல்லது ஆலோசகர் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அடி உதையோ, வீட்டை விட்டுத் துரத்துவதோ நடக்கும் என்று நியாயமான அச்சம் இருந்தால் அவர்களும் சொல்லக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுப்பதும் புகாருக்குரியது. இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். அவசரச் சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.