மரம் அறுக்கும் இடத்தில் விரல் தப்புவது எப்படி?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, ஏறக்குறைய 25 வருஷத்தில் வெட்டிவிடுவார்கள். அப்புறம் அது மரம் அறுக்கும் சாமில்லுக்குப் போய்க் கட்டிலாகவும் நாற்காலியாகவும் மாறும். அப்பா பால் வெட்டிய மரத்தை மகன் அறுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த மகனுக்கு மில்லில் கிடைக்கும் முதல் அறிவுரை, "தம்பி, பார்த்து வேலை செய்."

அது போதவே போதாது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதன் பல் நொடிக்கு 47 மீட்டர் ஓடும். மணிக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பின்வாங்க 0.2 நொடியாவது ஆகும். அதற்குள் பல் 9 மீட்டர் ஓடிவிடும்.

பலகை திருப்பி அடிப்பது இன்னும் பயங்கரம். ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழிறங்கி மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலெழும். பால் மரத்தில் வளரும்போதே சேர்ந்த உள்ளிறுக்கம் உண்டு. அறுத்த வாய் பின்னால் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வினால், மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி ஆள்மேல் எறியும். தள்ளிக்கொண்டிருந்த கை, பிடிப்பு போய் ரம்பத்தில் விழும். ரம்பத்தை ஒட்டிப் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றுதான் அந்த வாயை மூடவிடாமல் தடுக்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு "பார்த்து வேலை செய்" என்பது அநியாயம்.

பாதுகாப்பு மேலாண்மை என்பது அலமாரியில் தூங்கும் கோப்பு அல்ல. ஆபத்தைத் தேடுவது, தடுப்பது, தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது, மறுபடி திருத்துவது என ஓயாமல் சுற்றும் வேலை அது. 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற அனைத்துலக வேலையிடப் பாதுகாப்புத் தரமும் இதைத்தான் கேட்கிறது. தடுப்பதிலும் வரிசை உண்டு. பலகையை உருளைகளே தள்ளினால் கை ரம்பத்தின் பக்கம் போகவே வேண்டாம். முதல் இடம் அதற்கு. அடுத்தது ரம்பத்தின் மேல்மூடியும் பின்னால் நிற்கும் தகடும். விதிமுறைகள் அப்புறம். கையுறை, கண்ணாடி எல்லாம் கடைசி. சுற்றும் ரம்பத்தருகே கையுறை போட்டால் பல் அதைப் பற்றிக் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

ரம்பம் மாற்றுபவர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றபிறகும் ரம்பம் சிறிது நேரம் சுற்றும். அது நிற்கும்வரை கை வைக்கக்கூடாது.

மரத்தூள் சத்தமில்லாமல் கெடுதல் செய்வது. அது மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ரம்பத்தடியிலேயே உறிஞ்சி எடுப்பதுதான் சரி. காற்றுக் குழாயால் ஊதினால் தூள் மூச்சுக்குள்தான் போகும்.

பலகை பறந்து யார் மேலும் படவில்லை என்றாலும் அதைச் சொல்ல வேண்டும். "யார் செய்தது?" என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) அதட்டினால் அடுத்தமுறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "தகடு இருந்ததா?" என்று கேட்டால் பதில் வரும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்து மதிப்பீடு முதலாளியின் கடமை. உயிருக்கு ஆபத்து நெருங்கியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் தொழிலாளி விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. இதைப் பக்கத்து ரம்பத்தில் நிற்கும் நேப்பாளத் தம்பிக்கும் அவர் மொழியில் சொல்லியாக வேண்டும்.